ஊர்க்கண் பட்ட மூச்சுப்பெட்டி

செங்கோடம்பாளையத்தில் யாரையாவது நிறுத்தி, சௌக்கியமா என்று கேட்டுப் பாருங்கள். வாய் நிறையப் பதில் வரும். அதில் சௌக்கியம் மட்டும் இருக்காது. போன மாதம் மூன்று மாடி வீடு கட்டிக் குடிபுகுந்தவர், ஏதோ காலம் ஓடுது என்பார். மகளுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தவர் தன் முழங்கால் வலியைப் பற்றி விரிவாகப் பேசுவார். நன்றாக இருப்பதை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த விஷயம். பெங்களூர்க் கம்பெனி ஒன்று புதிதாகச் செய்த மூச்சுப்பெட்டியைப் பரிசோதித்துப் பார்க்க அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தபோது, இந்தச் சின்ன விஷயத்தை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

ஊரைத் தேர்ந்தெடுத்ததில் தப்பே இல்லை. ஊரில் பாதிப் பேர் விசைத்தறிப் பஞ்சை முழுங்கி வளர்ந்தவர்கள். மீதிப் பேர் நெய்யை முழுங்கி வளர்ந்தவர்கள். இரண்டு வகையிலும் குறட்டைக்குக் குறைச்சல் இல்லை. அதிலும் பள்ளிக்கூட வேன் ஓட்டும் குழந்தைவேலின் குறட்டைக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. அவர் மனைவி கோகிலவாணி கல்யாணமான புதிதில் அதைக் கேட்டுப் பயந்தாள். பிறகு பழகினாள். பிறகு, அது நடுநடுவே சட்டென்று நின்றுபோவதைக் கவனித்து மறுபடியும் பயந்தாள். தூக்கத்தில் தொண்டை மூடிக்கொண்டு மூச்சு நின்று நின்று வருகிற வியாதி. இரவு முழுக்கப் படுத்திருந்தும், விடிந்தால் மூட்டை தூக்கிவிட்டு வந்த ஆள் மாதிரி எழுந்திருப்பார்.

தானாக ஓடும் வண்டிகள் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. செங்கோடம்பாளையம் பள்ளிக்கூடமும் ஒன்றை வாங்கிப் பார்த்தது. அது ரோட்டில் படுத்திருந்த ஒரு வெள்ளாட்டுக்கு வழிவிட்டு மத்தியானம் வரை நின்றுகொண்டே இருந்ததால், குழந்தைவேலையே மறுபடி கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனால் அவருடைய வேனிலும் ஓட்டுநரின் இமையைக் கவனிக்கும் ஒரு கண் உண்டு. ஒரு நாள் காலையில், பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் செருகிவிட்டது. வேன் தானே பிரேக் போட்டு வாய்க்கால் ஓரத்தில் நின்றது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தைவேல் மட்டும் அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத் தாளாளர் கூப்பிட்டு அமைதியாகத்தான் சொன்னார்: இன்னொரு தடவை கண் மூடினால் சாவியை வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். அந்த வேனும் அந்தப் பிள்ளைகளின் கூச்சலும் இல்லாமல் அவர் என்ன ஆவார் என்று கோகிலவாணிக்கு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அப்போதுதான் மூச்சுப்பெட்டி வந்தது.

பழைய பெட்டிகளில் காற்றின் அழுத்தத்தை டாக்டர்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். இது தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் பெட்டி. மூக்கு வழியாகக் காற்றைத் தள்ளித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்வதோடு, நெற்றிப்பொட்டில் ஒரு மெல்லிய அதிர்வைக் கொடுத்துத் தூக்கத்தை ஆழத்துக்கு இழுத்துப் போகும். விடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்கும். பழைய கால வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போன்ற குரல் அதற்கு. "இன்று உங்கள் களைப்பு எப்படி இருக்கிறது?" அசதி என்றால் அன்றைக்குக் கூட்டி வைக்கும். சரியாக இருக்கிறது என்றால் அப்படியே நிறுத்திக்கொள்ளும். அளவுக்கு மீறிப் போய்விட்டது என்றால் குறைத்துவிடும். அது மட்டுமில்லை. ஒரு பெட்டி கற்றுக்கொண்டதை ஊரிலுள்ள எல்லாப் பெட்டிகளும் கற்றுக்கொள்ளும்.

முதல் சில நாள் பெரும்பாடாகத்தான் இருந்தது. காற்று கன்னத்தை ஊதிவிட்டு, குழந்தைவேல் தூக்கத்தில் நாதஸ்வரம் வாசிப்பவர் மாதிரி கிடந்தார். வாய் உலர்ந்தது, மூக்கில் தழும்பு விழுந்தது. காலையில் கேட்டால் அசதி என்றார். அது நிஜமான அசதி. பெட்டி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே வந்தது.

அப்புறம் ஒரு காலை. அவர் கண்ணைத் திறந்தார், எழுந்து உட்கார்ந்தார், தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீசை முளைத்த வயசில் எழுந்திருப்பாரே, அப்படி ஒரு எழுச்சி. பெட்டி தன் கேள்வியைக் கேட்டது. குழந்தைவேல் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார். கோகிலவாணி காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினாள்.

ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்கு அந்தப்பக்கம் சாந்தாமணி அக்கா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் விளக்குமாற்றின் சத்தம் நின்றுவிட்டது என்றால், காது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

"இன்னும் அசதியாத்தான் இருக்குதுன்னு சொல்லுங்க" என்று கோகிலவாணி அவர் காதில் கிசுகிசுத்தாள்.

"ஏன் வாணி, ஜம்முனு இருக்கறேன்."

"ஐயோ, சொல்லாதீங்க மாமா. உங்க காலத் தொட்டுக் கேக்கறேன்."

குழந்தைவேல் அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்குக் காரணம் தெரியும். அவர்கள் கல்யாணப் பந்தியில் வெற்றிலையை மடித்தபடி கோகிலவாணியின் அப்பா சம்பந்திகள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இன்னிக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை என்றார். பொழுது சாய்வதற்குள் மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். மாலை கழற்றாத கழுத்தோடு அவள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்தச் சந்தோஷத்துக்கும் சத்தம் கிடையாது. குழந்தைவேல் பெட்டியின் பக்கம் திரும்பி, இன்னும் அசதியாகத்தான் இருக்கிறது என்றார். பெட்டி வருத்தம் தெரிவித்துவிட்டு அழுத்தத்தையும் அதிர்வையும் கூட்டிக்கொண்டது.

மறுநாளும் அதே பதில். அதற்கு மறுநாளும். பெட்டியும் சளைக்கவில்லை.

அப்புறம் நடந்ததை எங்கிருந்து சொல்வது? குழந்தைவேலுக்குத் தூக்கம் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. மீதிப் பொழுதை என்ன செய்வது என்று தெரியாமல் வேனைக் கழுவினார். கழுவிய வேனை மறுபடி கழுவினார். காம்பவுண்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார், சுண்ணாம்பு மிச்சமானதால் சாந்தாமணி வீட்டுச் சுவருக்கும் அடித்தார். தென்னை மரத்தில் ஏறி, காய் பறிக்கத் தேவையில்லை என்பது உச்சிக்குப் போன பிறகுதான் ஞாபகம் வந்து, சும்மா ஊரைப் பார்த்துவிட்டு இறங்கினார். பள்ளிக்கூட வேன், வாட்ச்மேன் கேட் திறப்பதற்கு முன்பே போய் நின்றது. பிள்ளைகள் வாயில் பிரஷ்ஷோடு வேனில் ஏறினார்கள். ஒரு பெண் குழந்தையை அவர் போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டதாகக் கேள்வி.

அவர் ஒருவர் என்றால் ஊர் தாங்கிக்கொள்ளும். ஆனால் ஊரில் மூச்சுப்பெட்டி வைத்திருந்த எல்லா வீட்டிலும் எல்லாரும் அதே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல், தனித்தனியாக, அடக்கமாக. பெட்டிகளெல்லாம் கூடிப் பேசி, பாவம் இந்த ஊர் ஜனங்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதவில்லை என்று முடிவுகட்டி, மொத்தமாகக் கூட்டி வைத்தன. பால் வருவதற்கு முன்பே டீக்கடையில் கூட்டம் சேர்ந்தது. கூலி கேட்காமல் ஊர்க்குளத்தைத் தூர் வாரினார்கள். வாரி முடித்ததும் வேறு வேலை இல்லாததால் பக்கத்து ஊர்க் குளத்துக்குப் போனார்கள். பங்காளிச் சண்டைகள் கோர்ட்டிலிருந்து திரும்பி வந்தன. வரப்புத் தகராறில் முப்பாட்டன் காலத்திலிருந்து பேசாத இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒயிலாட்டம் ஆடின. அத்தனை பேரும், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, உடம்பே முடியலைங்க என்றார்கள்.

முடியாமல் போனது பெட்டி வைத்துக்கொள்ளாதவர்களுக்குத்தான். கோகிலவாணிக்குக் குறட்டை இல்லை, அதனால் பெட்டியும் இல்லை. விடியுமுன் மூன்று வேளைச் சோற்றுக்கான பசியோடு நிற்கும் புருஷனுக்கு ஆக்கிப்போட வேண்டும். அவர் பிரித்துப் போட்ட மிக்ஸியைப் பொறுக்க வேண்டும். அடுக்களை சாமானையெல்லாம் அவர் அகர வரிசையில் அடுக்கி வைத்ததால் உப்பைத் தேட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேச அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் அவள் துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டாள். அவருடைய தெம்பு தன்னிடமிருந்துதான் போகிறது என்று அவளுக்குப் பட்டது. வெளியே சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவுமில்லை.

கம்பெனியிலிருந்து நிரஞ்சனா என்ற என்ஜினியர் வந்தாள். சென்னைப் பெண், ஒல்லியாக, கையில் ஒரு டேப்லெட்டோடு. வீடு வீடாகப் போய்விட்டு கோகிலவாணி வீட்டுக்கு வந்தபோது அவளுக்கே அழுகை வரும் போல இருந்தது. இந்த ஊர் மாதிரி ஆழமாகத் தூங்குகிற ஊர் எங்கேயும் இல்லை, இந்த ஊர் மாதிரி அசதி சொல்கிற ஊரும் எங்கேயும் இல்லை என்றாள். கம்பெனியில் பதில்களைத்தான் எண்ணுகிறார்கள். பதிலைப் பார்த்தால் பெட்டி யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள்.

கோகிலவாணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி போனால் பழைய மூச்சு, பழைய அசதி, வாய்க்கால் ஓரம்.

"அந்தப் பெட்டிக்கே தெரியாதா கண்ணு? ராத்திரி முச்சூடும் கூடவேதானே கெடக்குது?"

"மூச்சு எத்தனை தடவை நின்னுச்சுன்னு அதுக்குத் தெரியும்மா. காத்து எவ்ளோ போச்சுன்னு தெரியும். ஆனா அசதி தெரியாது. அசதியை அளக்கிறதுக்கு இன்னும் ஒரு கருவியும் வரல. வாயைத் திறந்து சொன்னாத்தான் உண்டு."

வேறு வழியில்லாமல் கோகிலவாணி கதவைச் சாத்திவிட்டு, மிகவும் தணிந்த குரலில், உண்மையைச் சொன்னாள். அப்பா கதையையும் சொன்னாள். நிரஞ்சனா சிரிக்கவில்லை. சென்னை என்றாலும் அவளும் தமிழ்நாட்டுக்காரிதானே. தன் சம்பளம் உயர்ந்ததை அவளுடைய அம்மாவிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை. திடீரென்று அவளுக்கு முகம் மலர்ந்தது. நம் ஊரில் யாரும் தன்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல மாட்டார்கள், சரி. அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டால்? அவருக்கு எங்கே என்ன நன்றாக இருக்கிறது என்று இமை கொட்டாமல் பார்த்து வைத்திருப்பார்களே.

கம்பெனியில் கெஞ்சிச் சில நாள் தவணை வாங்கி, அன்று சாயங்காலத்துக்குள் ஊர்ப் பெட்டிகள் அத்தனையிலும் கேள்வியை மாற்றிவிட்டாள். இனிமேல் குழந்தைவேல் எப்படி இருக்கிறார் என்பதை அவருடைய பெட்டி அவரைக் கேட்காது, சாந்தாமணி அக்காவின் போனில் கேட்கும்.

சாந்தாமணி அக்காவுக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு மரியாதை அதுவரை கிடைத்ததில்லை. அவள் புருஷனும் பெட்டிக்காரர்தான், ஆனால் அந்தத் தெம்பில் அவர் சீட்டாடப் போனாரே தவிரச் சுண்ணாம்பு அடிக்கவில்லை. காலையில் போன் கேட்டதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"அவருக்கு என்ன கேடு? ஜல்லிக்கட்டுக் காளையாட்டத் திரியறாரு. அளவு மீறித்தான் போச்சு. அத்தனையும் எங்க வீட்டு ஆளுக்கு வந்திருக்க வேண்டியது."

அளவு மீறிவிட்டது என்பது பெட்டிக்குப் புரிந்த பதில். குறைத்துக்கொண்டது. ஊர் முழுக்க அன்றைக்கு எல்லாரும் எல்லாரையும் பற்றி அதையேதான் சொன்னார்கள். மறுநாள் இன்னும் குறைந்தது.

ஒரு வாரத்தில் ஊர் கொட்டாவி விட ஆரம்பித்தது. டீக்கடைக்காரர் பாய்லர் மேல் சாய்ந்துகொண்டார். பக்கத்து ஊர்க் குளம் பாதியில் நின்றது. கடைவீதியில் பூசணிக்காய் தீர்ந்துபோய், அவசரத்துக்குச் சுரைக்காயைத் தலையைச் சுற்றி உடைத்தார்கள். ஒவ்வொரு மூச்சுப்பெட்டியின் மேலும் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. காரணம் கேட்டு ஓடிவந்த நிரஞ்சனா, கணக்கைப் பார்த்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துப் பெருமூச்சு விட்டால் இந்த வீட்டுக்காரருக்கு உடம்பு படுக்கிறது. நடுவே கம்பி இல்லாத ஒரு தொடர்பு, ஒரு பெட்டி, ஒரு காற்றழுத்தம். கண் திருஷ்டிக்கு உலகத்திலேயே முதல்முதலாக வேலை செய்கிற இயந்திரத்தை அவள் கட்டிவிட்டிருந்தாள்.

"இதைத்தானே கண்ணு நாங்க காலங்காலமாச் சொல்றோம்" என்றாள் கோகிலவாணி. குற்றமாகச் சொல்லவில்லை. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நிரஞ்சனாவும் சேர்ந்து சிரித்தாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

குழந்தைவேல் சிரிக்கவில்லை. வாசல்படியில் சாவியோடு உட்கார்ந்திருந்தார். அன்று காலை வேனை எடுக்கும்போதே அதன் கண் மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டது. பிள்ளைகள் உயிரோடு விளையாட மாட்டேன் என்று அவரே இறங்கிவிட்டார். தாளாளர் திங்கட்கிழமை வரை பொறுப்பதாகச் சொன்னார். அன்றைக்குக் கண் திறந்து வந்தால் வேன். இல்லாவிட்டால், வெள்ளாட்டுக்கு வழிவிடும் பழைய வண்டி மறுபடி வரும்.

நிரஞ்சனா ஊர்ப் பெட்டிகளில் பக்கத்து வீட்டுக் கேள்வியை நிறுத்திவிட்டாள். ஆனால் யாரையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். அடக்கத்தில் மறைக்காத, வயிறு எரிந்து கூட்டாத, நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்க்கிற ஒரு ஆள் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும், முதலில் இந்த வீட்டில். அவள் கோகிலவாணியைப் பார்த்தாள். குழந்தைவேலும் பார்த்தார்.

"நான் மாட்டேன்" என்றாள் கோகிலவாணி.

"அசதின்னா அசதின்னு சொல்லுங்கம்மா. நல்லா இருந்தா நல்லா இருக்காருன்னு சொல்லுங்க. சொன்னா, பெட்டி அங்கேயே நின்னுடும். அவ்ளோதான்."

அவ்வளவுதான். அந்த அவ்வளவைத்தான் அவள் கல்யாண நாளிலிருந்து சொன்னதில்லை. ஆனால் வாசல்படியில் சாவியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்துவிட்டு, மாட்டேன் என்று இரண்டாவது தடவை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை சுலபமாக இருந்தது. அவர் கண்ணைக்கூடத் திறக்க முடியாமல் கிடந்தார். அசதி என்றாள், பெட்டி கூட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமையும் அசதிதான், ஆனால் கொஞ்சம் வெளுத்த அசதி.

திங்கட்கிழமை காலையில் குழந்தைவேல் கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்தார். ஓடவில்லை, ஏறவில்லை, எதையும் கழற்றவில்லை. அவள் நீட்டிய காபியை வாங்கி, நிதானமாக ஆற்றி, ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அவளைப் பார்த்து, நீயும் குடிச்சியா என்று கேட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இன்று திரு. குழந்தைவேலின் களைப்பு எப்படி இருக்கிறது?" என்றது பெட்டி.

ஜன்னல் திறந்திருந்தது. வெளியே விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

அசதி என்று சொல்லிவிடலாம். நாக்கின் நுனியில்தான் இருந்தது. சொன்னால் நாளைக்குக் கொஞ்சம் கூடும், நாளன்றைக்கு இன்னும் கூடும், மறுபடி அவர் தென்னை மரத்தின் உச்சியில் இருப்பார், அவள் துவைக்கிற கல்லில் இருப்பாள். ஆனால் கண் படாது. அவளுக்குப் பந்தியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முகம் தெரிந்தது. வெற்றிலைச் சிவப்பில் அந்த வாய். இத்தனை வருஷமாக அந்த வாய் சொன்னதை நினைத்து அவள் பயந்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது அந்த முகம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை இன்றைக்குத்தான் நினைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, ஜன்னலுக்கு வெளியே ரோடு வரை கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நல்லா இருக்கறாரு. என்ற ஊட்டுக்காரரு நல்லா இருக்கறாரு."

பதிவு செய்யப்பட்டது என்றது பெட்டி. கூரை அப்படியே இருந்தது. குழந்தைவேல் மாரைப் பிடிக்கவில்லை, மனைவியின் கையைப் பிடித்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனார். வேனின் கண் பச்சை விளக்கைப் போட்டது. முதல் வளைவிலேயே பிள்ளைகளின் கூச்சல் கேட்கத் தொடங்கி, தெருக்கோடி வரை கேட்டது.

கோகிலவாணி அவர் படுத்த பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நானும் நல்லா இருக்கறேன்" என்றாள்.

"மன்னிக்கவும்" என்றது பெட்டி. "உங்களைப் பற்றி நான் கேட்கவில்லை."

"நீ எங்க கேக்கப் போற. நானாத்தான் சொல்றேன், குறிச்சுக்கோ."